சூடாக நிறுத்திய ரிக்

கச்சா எண்ணெய் பீப்பாய் முப்பது டாலருக்குக் கீழே இறங்கிய வாரத்தில், எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஒன்பதாம் எண் ரிக், கம்பெனி யார்டிலிருந்து தானாகக் கிளம்பி, இருபது மைலுக்கு மேல் நடந்து வந்து, லானி ஹார்ட்செல் வீட்டின் பின்பக்கம் நின்றது. வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூட பஸ் போன பிறகு. நூற்றைம்பது அடி உயரம். மின்கம்பி குறுக்கிட்ட இடங்களில் எல்லாம் குனிந்து வந்திருந்ததால் ஒரு கம்பிகூட அறுபடவில்லை. கார்வெல் ஊர்க்காரர்கள் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் பர்ரிட்டோ கடை மூடப் போகிறது என்ற செய்தி வந்திருந்தது, ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்தது. ஷெரீஃப் வந்து ரிக்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, பின்விளக்கு இல்லாமல் நெடுஞ்சாலையில் வந்ததற்காக ஓர் அபராதச் சீட்டு எழுதி அதன் ஏணியில் செருகிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு ஒஃபேலியா, அதன் நிழல் தன் கொடியில் விழுவதால் துணி காயவில்லை என்று புகார் சொன்னாள்.

இந்தக் காலத்து ரிக்குகளுக்குக் கால் இருக்கிறது. ஒரு கிணறு முடிந்ததும் நின்ற கோலத்திலேயே நாலு எட்டு வைத்து அடுத்த கிணற்றடிக்குப் போய்விடும். பிரித்து, ஏற்றி, இறக்குகிற செலவு மிச்சம். ஆனால் செய்தவர்கள் அந்தக் கால்களுக்குக் கொடுத்த தெம்பு முப்பது நாற்பது அடிக்குத்தான். இருபது மைல் எப்படி வந்தது என்று கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. எங்களுக்கும் அந்தப் பதில் தேவைப்படவில்லை. கம்பெனியில் கேட்டபோது, லாரி பிடித்துத் திரும்பக் கொண்டுபோகிற செலவு இன்றைய விலைக்குக் கட்டாது, அங்கேயே கிடக்கட்டும் என்றார்கள். ஏன் லானி வீட்டுக்கு வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை ஓட்டிய டிரில்லர் அவன்தான். பஞ்சத்தில் அவிழ்த்துவிட்ட மாடு தண்ணீர் காட்டியவன் வாசலுக்குத்தானே வரும்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்றது. அப்போது கார்வெலில் படுக்க இடமில்லாமல் ஆட்கள் பிக்கப் வண்டிக்குள்ளேயே தூங்கினார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன், தனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியாரைவிட இரண்டு மடங்கு சம்பாதித்து, அவர் வீட்டு வழியாகவே தினமும் புது வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். பிறகு விலை சரிந்தது. கடலுக்கு அப்பால் யாரோ எண்ணெயை அதிகமாக எடுத்துவிட்டார்கள் என்றார்கள். நாமேதான் அதிகமாக எடுத்தோம் என்றும் சிலர் சொன்னார்கள். அவர்களோடு பேசுவதை நாங்கள் நிறுத்திக்கொண்டோம். விலை விழுந்தால், வயலெல்லாம் தலையாட்டிக்கொண்டு எண்ணெய் இறைக்கும் பழைய பம்புகள் நிற்பதில்லை. கறக்கிற மாட்டை யாரும் விடமாட்டார்கள், புது மாடு வாங்குவதைத்தான் நிறுத்துவார்கள். புதுக் கிணறு தோண்டுகிற செலவை அதிலிருந்து வரப்போகும் எண்ணெய் ஈடுகட்டாது என்று ஹூஸ்டனில் யாரோ ஒருவர் கணக்குப் பார்த்து முடித்தால் அன்றே எங்கள் ஊரில் ரிக் நின்றுவிடும். ரிக் நின்றால் அதற்குக் குழாய் கொண்டுவருகிறவன், தோண்டுகிற முனைக்குச் சேறு கலக்குகிறவன், மணல் லாரி ஓட்டுகிறவன், இத்தனை பேருக்கும் விடிகாலையில் டாக்கோ சுட்டுத் தருகிறவள் என எல்லார் பிழைப்பும் ஒவ்வொன்றாக நின்றுவிடும். வெள்ளிக்கிழமை மதியம் நாட்டில் எத்தனை ரிக் ஓடுகிறது என்ற எண்ணிக்கை வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரமாக இருந்தது ஆயிரமானது, எழுநூறானது, நானூறை நோக்கி இறங்கியது. சர்ச்சுக்கு வருகிற கூட்டம் அதே வேகத்தில் ஏறியது.

வேலையில்லாத ரிக்கை நிறுத்தி வைப்பதில் இரண்டு வகை உண்டு. சீக்கிரம் வேலை வரும் என்று நினைத்தால் சூடாக நிறுத்துவார்கள். எண்ணெய், பேட்டரி எல்லாம் அப்படியே இருக்கும், வாரத்துக்கு ஒரு தரம் ஒருவன் போய் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வருவான். கூப்பிட்ட அன்றே கிளம்பும். வேலை வராது என்று தெரிந்துவிட்டால் குளிராக நிறுத்துவார்கள். தண்ணீரை வடித்து, பேட்டரிகளைக் கழற்றி, மூட்டுக்கு மூட்டு கிரீஸ் பூசி, புகைபோக்கியின் வாயை அடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். குளிர்ந்ததை மறுபடி கிளப்ப ஆறு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். ஒன்பதாம் எண்ணைக் குளிராக நிறுத்தும்படிதான் கம்பெனியின் களப் பொறுப்பாளர் டில்லார்ட் லானியிடம் சொன்னார். லானி தலையாட்டினான். தலையாட்டிவிட்டு, பேட்டரிகளைக் கழற்றாமல் விட்டான். விலை ஏறுகிற அன்று மற்ற ரிக்குகள் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது தன்னுடையது மட்டும் முதல் அடி எடுத்து வைக்கும், முதல் வேலை தனக்குத்தான் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். எங்கள் ஊரில் எந்த டிரில்லரும் செய்யக்கூடிய தப்புதான் அது. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் யார்டு வேலியின் ஓட்டை வழியாக நுழைந்து, இன்ஜினை ஓட்டிவிட்டு, அதனோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தான். தோண்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எதற்குத்தான் பைத்தியம் பிடிக்காது.

புது வருடம் பிறந்ததும் டில்லார்ட் லானியையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“உன்ன வேலைய விட்டு எடுக்கலடா லானி. கொஞ்ச நாள் வீட்ல இரு. ஃபோன மட்டும் ஆஃப் பண்ணிடாத.”

“கொஞ்ச நாள்னா எவ்ளோ நாளு?”

“விலைகிட்ட கேளு. எனக்கு அது என்ன மாமனா மச்சானா?”

இதையே டில்லார்ட் எண்பது பேரிடமாவது சொல்லியிருப்பார். நல்ல மனதோடுதான் சொன்னார், அதுதான் கெடுதலாகப் போயிற்று. அப்படிச் சொல்லப்பட்ட ஆட்களின் உடம்பு அதன் பிறகு சூடாகவே இருந்தது. காய்ச்சல் இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். படுத்தால் அவர்கள் நெஞ்சுக்குள் மெல்லிய உறுமல் கேட்டது, கட்டிலோரத் தண்ணீர்த் தம்ளர் அதிர்ந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் கார்வெலின் தெருப் பூனைகள் அத்தனையும் வேலையில்லாத ஆண்களின் மடியிலேயே கிடந்தன. ‘போ, இனி வேலை கிடையாது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் ஒரு மாதம் குடித்தார்கள், அழுதார்கள், பிறகு டல்லஸில் கூரை போடுகிற வேலைக்கோ வேறெதற்கோ போய்ச் சேர்ந்தார்கள். காத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள்தான் எங்கேயும் போகவில்லை.

லானியின் மனைவி நெல்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ரிக் வந்த அன்று மாலை வீடு திரும்பியவள், அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, முதலில் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தாள். அதன் பிறகு கேட்டாள்.

“இது என்ன சாப்பிடும்?”

“டீசல்.”

“நாம?”

லானி பூனையைத் தடவிக்கொண்டிருந்தான். நெல்டாவுக்கு ரிக்கைக் கண்டு பயமில்லை. அவளுடைய பயம் வேறு. லானியின் அப்பாவும் டிரில்லர். எண்பத்தாறில் விலை பத்து டாலருக்கு விழுந்தபோது அவரையும் இப்படித்தான் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவர் சமையலறைச் சுவரில் இருந்த ஃபோனுக்கு நீளமான வயர் போட்டு, குளியலறைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனார். ஐந்து வருடம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்தபோது ஃபோன் மடியில் இருந்தது. உடம்பில் சூடு இறங்காததால் அடக்கத்தை இரண்டு நாள் தள்ளிப்போட வேண்டி வந்தது. இதெல்லாம் தெரிந்துதான் நெல்டா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். புருஷனும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவானோ என்பதுதான் அவள் பயம்.

ரிக் சும்மா இருக்கவில்லை. லானி கடைக்குப் போனால் பின்னாலேயே போய் வாகன நிறுத்துமிடத்தில் காத்து நின்றது. சர்ச்சுக்குப் போனால் வெளியே நின்று உறுமியது, போதகர் தொண்டை கிழியக் கத்திப் பிரசங்கம் செய்தார். வீட்டில் இருந்தால் தன் துரப்பண முனையை இறக்கி, கொல்லையில் கிடைத்த இடத்தைக் குடைந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே பூதம்தான் வந்து கிணறு வெட்டியது. பிப்ரவரி முடிவதற்குள் பீகன் மரம் வேரோடு சாய்ந்தது, கழிவுநீர்த் தொட்டி உடைந்தது. ஒஃபேலியா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று லானியைக் கூப்பிட்டாள்.

“மிஹோ, எம் மகனே, அதுக்கு ஒண்ணு வேலையக் குடு, இல்லாட்டி சாவக் குடு. இப்படிப் பாதி உசுரா வெச்சிருந்தா எங்க கோழிகூட முட்டை போட மாட்டேங்குது.”

“விலை ஏறினா அதுவே போயிடும் ஒஃபேலியா.”

“விலை ஏறினா! எம் புருஷனும் இதையேதான் சொல்லிட்டிருந்தான். இப்ப கல்லறைல படுத்துட்டு சொல்லிட்டிருப்பான்.”

மாலையானால் வேலையில்லாதவர்கள் ஒவ்வொருவராக வந்து ரிக்கின் அடியில் உட்கார்ந்தார்கள். சிலர் கேனில் டீசல் கொண்டு வந்தார்கள். கோயில் யானைக்குப் பழம் கொடுப்பதைப்போல அதற்கு ஊட்டிவிட்டு, நெல்டாவின் காபியைக் குடித்தபடி எண்ணெய் விலையைப் பற்றிப் பேசினார்கள். நாற்பதைத் தொட்டால் போதும், எல்லா ரிக்கும் கிளம்பிவிடும் என்று ஒருவன் சொல்வான். போன மாதம் ஐம்பது என்றாயே என்று இன்னொருவன் மடக்குவான். “நான் பத்து எறங்கி வந்துட்டேன்ல? அது கொஞ்சம் ஏறி வரட்டுமே!” என்று முதலாமவன் சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஃபோனை எடுத்துப் பார்ப்பார்கள். நெல்டா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காபி டப்பா காலியானபோது அவள் புது டப்பா வாங்கவில்லை.

மே மாதம் அவளுடைய அண்ணன் ராண்டல் அமரில்லோவிலிருந்து பேசினான். அங்கே நகராட்சியின் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் ஆள் எடுத்தார்கள்.

“சம்பளம் பாதிதான்” என்றாள் நெல்டா. “ஆனா எண்ணெய் என்ன விலை வித்தாலும் ஜனங்க தண்ணி குடிச்சுத்தான ஆகணும்.”

“இன்னும் ரெண்டு மாசம் பாப்போமே.”

“உங்கப்பா வயர நீளம் பண்ணாரு. நீ மாசத்த நீளம் பண்ற.”

லானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயால் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் ஒப்புக்கொண்டான். ரிக்கைக் குளிராக நிறுத்திவிட்டுக் கிளம்புவது என்று முடிவாயிற்று. ஒரு சனிக்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்தார்கள். தண்ணீரை வடித்தார்கள். நெல்டா லானியின் பெரிய கையுறைகளைப் போட்டுக்கொண்டு மூட்டுகளில் கிரீஸ் பூசினாள், பிறகு ஏணியில் ஏறி புகைபோக்கியின் வாயைத் தகரத்தால் மூடிக் கட்டினாள். ரிக் அடம்பிடிக்கவில்லை, கால் மாற்றி நின்று இடம் கொடுத்தது. அதுதான் லானியை உடைத்துவிட்டது. அவள் மேலே இருந்த நேரத்தில் அவன் கீழே பேட்டரிகளைக் கழற்றி அடுக்கினான். ஒன்றை மட்டும் கழற்றவில்லை.

ஞாயிறு பகலில் சாமான்களை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினார்கள். லப்பக் நகரைத் தாண்டி, இரண்டு பக்கமும் பருத்தி விதைத்த வெற்றுக் காடாக விரிந்த இடத்தில் நெல்டா அவன் தோளைத் தொட்டாள்.

“லானி, கண்ணாடியப் பாரு.”

பார்த்தான். சாலையின் கோடியில், ஒற்றை ஆளாக, அது வந்துகொண்டிருந்தது.

“எத்தன பேட்டரி விட்டு வெச்ச?”

“ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்” என்று அவள் திருப்பிச் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் வண்டியை நிறுத்தாமல் போயிருப்பான் என்று பிற்பாடு சொன்னான். ஓரங்கட்டி நிறுத்தி இறங்கினான். நெல்டா நகர்ந்து ஸ்டியரிங்குக்கு வந்தாள்.

“கொண்டு போய் விட்டுட்டு வந்துடறேன்” என்றான்.

“அணைச்சிட்டு வா.”

“அறுபது வரட்டும் நெல்டா. விலை அறுபது வந்த அன்னிக்கே இத கம்பெனிகிட்ட ஒப்படைச்சிட்டு உங்கிட்ட வந்துடறேன். சத்தியமா. நீ மட்டும் எனக்காக இரு.”

“இருக்கேன்” என்றாள் நெல்டா.

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் இன்றும் சொல்கிறார்கள். அவள் வடக்கே போனாள். அவன் ரிக்கைக் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்தான்.

அறுபது வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. லானி ஊரில் புல் வெட்டினான், வேலி அடைத்தான், கூலியில் பாதிக்கு டீசல் வாங்கினான். ஞாயிறுதோறும் அமரில்லோவுக்குப் பேசினான். பின்னால் இன்ஜின் ஓடுகிற சத்தத்தில் அவள் சொல்வது பாதி கேட்காது. வெள்ளிக்கிழமை எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏறியது. அறுபதைத் தொட்ட அந்த ஜனவரியில் டில்லார்ட் வந்தார், நாலு இளவட்டங்களை அழைத்துக்கொண்டு. சுத்தமான சட்டை போட்டிருந்தார்கள். ஒருவன் ரிக்கின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே, விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்த ஒரு சின்னக் குச்சியை அசைத்தான். ரிக் கால் தூக்கியது. ஒரே ரிக் இப்போது முன்பு மூன்று ரிக் தோண்டியதைத் தோண்டும் என்றும், அதனால் விலை பழையபடி ஏறினாலும் ஆட்கள் பழையபடி வேண்டியிராது என்றும் டில்லார்ட் சங்கடத்தோடு விளக்கினார். புதுப் பையன்கள் ஊற்றிய நல்ல டீசலைக் குடித்துவிட்டு அது அவர்களோடு போயிற்று. இரண்டு வருடம் கூலியைக் கொட்டி வளர்த்தவனை ஒரு தரம் திரும்பிப் பார்க்கவில்லை. லானி அன்று முழுக்கக் கொல்லைப் பள்ளங்களை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தான்.

போகும்போது டில்லார்ட், “ஃபோன ஆன்லயே வெச்சிரு” என்றார். பழக்க தோஷம். லானி அன்றே அமரில்லோவுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ரிக்கும் இல்லை, விலையும் வந்துவிட்டது, சொன்ன சொல்லும் இருந்தது. ஆனால் ரிக்குகள் கிளம்பத் தொடங்கிய நேரத்தில் ஊரை விட்டுப் போனால் கூப்பிடும்போது கையில் அகப்படாமல் போய்விடுவோமே என்று தயங்கினான். இலவு காத்த கிளியாவது காய் வெடித்ததும் பறந்து போயிற்று. லானிக்கு அதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பின்னால் இன்ஜின் சத்தம் இல்லாததால் நெல்டா பேசுவது நன்றாகக் கேட்டது. அவள் பேசுவது குறைந்திருந்தது. இப்படியே இன்னும் இரண்டு வருடம் போயிற்று.

கொள்ளைநோய் வந்து உலகம் வீட்டுக்குள் அடைந்த ஏப்ரலில், ஒரு திங்கட்கிழமை மதியம், விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு விற்கிறவன் காசு கொடுக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். மேலும் கீழுமாகத் தலையாட்டியே பழகிய எங்கள் பம்புகள் அன்று பிற்பகல் முழுவதும் இடவலமாகத் தலையாட்டின. அந்த வாரத்திலேயே ஒன்பதாம் எண் ரிக் திரும்பி வந்தது. பெயின்ட் உரிந்திருந்தது. பழைய இரும்புக்கு விற்பதற்காக ஒரு காலில் பாதியை யாரோ வெட்டத் தொடங்கியிருந்தார்கள், அது நொண்டிக்கொண்டே வந்திருந்தது. முன்பு பீகன் மரம் நின்ற இடத்தில் வந்து மண்டியிட்டது.

லானி அதன் நொண்டிக் காலைத் தடவிப் பார்த்தான். பிறகு கருவிகளை எடுத்து வந்தான். காலையில் தொடங்கி ஒற்றை ஆளாகச் செய்தான். தண்ணீரை வடித்தான், எண்ணெயை வடித்தான், வெட்டுப்பட்ட காலுக்கும் சேர்த்து மூட்டுக்கு மூட்டு கிரீஸ் பூசினான், புகைபோக்கியை மூடினான். பேட்டரிகளை ஒன்று விடாமல் கழற்றி, வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஒஃபேலியாவிடம் கொடுத்தான். “போதும். இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க. தூங்கு” என்று அதன் இரும்பில் கன்னத்தை வைத்துச் சொன்னான். நாலு வருடத்துக்கு முன்பே யாராவது இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் அந்தத் துணிச்சல் இல்லை. வாய்விட்டு அழுதான், ஊர் காதைப் பொத்திக்கொண்டு கேட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் அவன் நெஞ்சுக்குள்ளிருந்த உறுமல் நின்றது. படியில் அவனை ஒட்டிப் படுத்திருந்த பூனை எழுந்து சோம்பல் முறித்து வேறு வீட்டுக்குப் போயிற்று.

மே மாதம் அவன் அமரில்லோவில் நெல்டா வீட்டு வாசலில் நின்றான். வெயில் கொளுத்தியது, அக்கம்பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். நெல்டாவின் வீட்டு ஜன்னல்களில் மட்டும் உள்பக்கமாக உறைபனி படிந்திருந்தது. அவள் கம்பளிக் கோட்டும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். இருவருக்கும் நடுவே ஆறடி.

“அணைச்சிட்டேன்” என்றான் லானி.

“எத்தன விட்டு வெச்ச?”

“ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் கழட்டிட்டேன்.”

“நல்லது.” அவள் குரலில் கோபமே இல்லை. “அறுபது வந்து ரெண்டு வருஷமாச்சு லானி.”

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“அவங்க உனக்குப் பண்ணினத நீ எனக்குப் பண்ணிட்ட. இருன்னு சொல்லிட்டுப் போன. நானும் இருந்தேன். படுத்தா தூக்கம் வராது, உள்ள ஓடிட்டே இருக்கும். போன டிசம்பர்ல ஒரு நாள் எழுந்து பாத்தேன், சத்தத்தையே காணோம். நானா அணைக்கல. அதுவா நின்னுடுச்சு.”

“மறுபடி கிளம்புமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? அது உன் தொழில்தான?” என்று சொல்லிவிட்டு நெல்டா கதவைச் சாத்தினாள்.

லானி ராண்டலிடம் போய் நின்றான். ராண்டல் அவனை ஒரு மணி நேரம் நிற்க வைத்துத் திட்டிவிட்டு, குழாய்ப் பிரிவில் சேர்த்துவிட்டான். லானி நகரத்தின் மறு கோடியில் ஓர் அறை எடுத்தான். வேலை முடிந்து தினமும் நெல்டா வீட்டுக்கு வந்தான். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை, உள்ளே வரட்டுமா என்றும் கேட்கவில்லை. ஒரு நாள் ஓட்டுக் கூரையில் அடைந்த குப்பையை எடுத்தான், ஒரு நாள் சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றினான், செய்ய ஒன்றும் இல்லாத நாளில் வாசல் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு எந்தத் தெருவில் குழாய் உடைந்தது என்று மூடிய ஜன்னலுக்குச் சொன்னான். அவசரப்பட்டால் உறைந்து கிடக்கிற இரும்பு விரிசல் விட்டுவிடும் என்பது எந்த டிரில்லருக்கும் தெரியும். முதல் குளிர்காலம் முழுக்க ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த வசந்தத்தில் சமையலறை ஜன்னலின் பனி ஒரு கையகலம் விலகியது. அதற்கடுத்து அவள் அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டாள். காபி வாய்க்குப் போவதற்குள் மேலே ஏடு உறைந்தது. அவன் ஏட்டை ஒதுக்கிவிட்டுக் குடித்தான். கூடத்து ஜன்னல் தெளிய இன்னொரு குளிர்காலம் ஆனது. நகராட்சியில் சம்பளம் குறைவாகவும் ஒழுங்காகவும் வந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு மார்ச்சில் விலை மறுபடியும் நூறைத் தாண்டியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லானியின் ஃபோன் அடித்தது.

“லானி! நான்தான் டில்லார்ட். கூப்பிடுவேன்னு சொன்னேன்ல? ஒன்பதாம் நம்பர் உன் வீட்டுப் பின்னாடிதான நிக்குது? அத உன்ன விட்டா கிளப்ப ஆளில்ல. சம்பளம் முன்ன வாங்கினத விட ஒண்ணரை மடங்கு. திங்கக்கெழம வந்துடுறா.”

அவனுடைய அப்பா செத்த பிறகும் காத்திருந்த அழைப்பு அது. லானி கரண்டியைக் கீழே வைத்தான். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு தரம் செருமியது, மறுபடியும் செருமியது. நெல்டா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், தெளிந்து பல மாதம் ஆகியிருந்த சமையலறை ஜன்னலின் கீழ் மூலையில் பனி பூத்து, அவன் பேசாமல் இருக்க இருக்கக் கண்ணாடியில் மேலே ஏறியது. பாதிக் கண்ணாடி வெளுத்துவிட்டது.

“லைன்ல இருக்கியா?” என்றார் டில்லார்ட்.

“இருக்கேன். என்னால வர முடியாது டில்லார்ட்.”

“ஏண்டா?”

“இங்க அமரில்லோல ஒண்ணு குளிரா நின்னு போச்சு. கிளப்பிட்டிருக்கேன். பாதியில விட்டுட்டு வர முடியாது.”

“அமரில்லோலயா? அங்க ஏது ரிக்கு? எந்தக் கம்பெனியோடது?”

“கம்பெனியோடது இல்ல. நான் நிறுத்தினது” என்றான் லானி.

டில்லார்டுக்கு விளங்கியதோ இல்லையோ, சரி என்று வைத்துவிட்டார். ஒன்பதாம் எண்ணைக் கிளப்ப வேறு ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள், அது எழுந்திருக்கவில்லை. அதன் வேலை மேடையில் இப்போது ஒஃபேலியாவின் கோழிகள் அடைகின்றன. நெல்டா அன்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸ் வைத்தாள். சமையலறை ஜன்னலில் ஏறிய பனி இறங்க மூன்று வாரம் ஆனது. படுக்கையறை ஜன்னல்தான் கடைசி, அது அந்த வருடம் அக்டோபரில் தெளிந்தது. அமரில்லோவில் அதற்குள் வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது.